மட்டக்களப்பு மண்ணில் நிறம் எடுத்து ஊரைக் கீறுவது எப்படி

ஓவியம் பழகத் தொடங்கும் இளையவர்கள் அடிக்கடி கேட்பது இது: "எங்கட ஊரைப் பற்றி, எங்கட சரித்திரத்தைப் பற்றி ஏதாவது செய்ய வேணும். எங்கேயிருந்து தொடங்குறது?" அநேகமானோர் பாடும் மீனில் தொடங்குகிறார்கள். இல்லாவிட்டால் கல்லடிப் பாலம், கோட்டை, வெளிச்சவீடு. எல்லாம் அழகானவைதான். ஆனால் கடையில் வாங்கிய நீலத்தில் வாவியையும் கடையில் வாங்கிய பச்சையில் வயலையும் தீட்டி முடித்தபின், அந்தப் படத்தைக் கீறியவர் இந்த ஊரில் கால் வைத்தவரா, தபாலட்டையைப் பார்த்துக் கீறியவரா என்று கண்டுபிடிக்க முடியாது.

அதனால் நான் சொல்வது, என்ன கீறுவது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எதைக் கொண்டு கீறுவது என்று முதலில் பாருங்கள். மண், கரி, சிப்பி, மரப்பிசின், கைத்தறிச் சீலை, இவ்வளவும் போதும். இவற்றைத் தேடிப் போனாலே யாருடைய காணி, எந்தக் குளத்து நீர், எந்த வருடம் யார் இங்கே வந்து குடியேறினார்கள், யார் இங்கிருந்து போனார்கள் என்ற கதைகள் எல்லாம் தாமாக வந்து சேரும். அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பொறுமை இருந்தால் சரி.

இந்தச் சேர்க்கை முழுக்க மட்டக்களப்புக்கே உரியது என்று நான் உரிமை கொண்டாட வரவில்லை. மண் நிறத்தை விளாம்பிசினில் குழைப்பதைக் கண்டிக் காலத்து விகாரைச் சுவரோவியர்கள் செய்தார்கள். சீலைக்குப் புளியங்கொட்டைப் பசை பூசுவது ஒடிசாவின் சீலை ஓவியர்கள் இன்றும் செய்வது. ஏட்டில் எழுத்தாணியால் கீறிக் கரி பூசி எழுத்தைத் தெரியவைத்தது நம் ஊர்களிலும் நடந்ததுதான். பொருள்கள் எல்லாம் இங்கேயே கிடைப்பவை. முறைகளைத்தான் கொஞ்சம் அங்கிருந்தும் இங்கிருந்தும் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு கோட்டைத் தெரிவு செய்யுங்கள்

மாவட்டம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்க ஆசைப்படாதீர்கள். வரைபடத்தில் கடற்கரையிலிருந்து மேற்கே உள்நாடு வரை ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு வாவியைக் கடக்க வேண்டும். ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற வாவி இது. அதற்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரண்டு கரைக்கும் மண் வேறு, தொழில் வேறு, பேச்சில்கூடக் கொஞ்சம் வித்தியாசம் கேட்கும். வாவியைக் கடக்காத கோடு அரைக் கதைதான் சொல்லும்.

உதாரணத்துக்கு ஒன்று: கல்லடிக் கடற்கரை, புளியந்தீவு, வலையிறவு, வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சைக் குளம். இன்னொன்று: குருக்கள்மடத்தில் பாதையில் ஏறி அம்பிளாந்துறைக்குப் போய், அங்கிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம். பாதை என்றால் இங்கே நடக்கிற பாதை இல்லை என்பதை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை அது. மண்முனையில் 2014இல் பாலம் வந்தபின் அந்தத் துறையில் பாதை இல்லை. பாலத்தில் போனால் இரண்டு நிமிடம். பாதையில் போனால் பத்துப் பேரோடு பேசலாம். நம் வேலைக்குப் பாதைதான் நல்லது.

அம்பாறைக்காரர் என்றால் மருதமுனைக் கரையிலிருந்து சம்மாந்துறை வயல்கள் வழியாக இங்கினியாகலை வரை ஒரு கோடு போடலாம். கனதியான கோடு அது. கைத்தறி ஊரில் தொடங்குகிறது. 2004 மார்கழி 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டத்தின் கரை அது. மேற்கே போனால் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய கல்லோயாத் திட்டம். 1949இல் தொடங்கிய அந்த வேலையும் அதோடு வந்த குடியேற்றங்களும் இந்தப் பகுதியின் சனத்தொகையையே மாற்றின. 1961இல் அம்பாறை மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகியது. நீங்கள் அள்ளப் போவது ஐந்து பிடி மண். இத்தனையும் அதற்குள் இருக்கிறது.

கோடு எத்தனை ஊரைத் தொட்டாலும், மண் எடுக்க ஐந்து இடம் தெரிந்தெடுத்தால் போதும். ஆறாவது வேண்டாம். ஆரம்பத்தில் ஆசை அதிகமாகத்தான் இருக்கும்.

எப்போது, யாரிடம் கேட்டு

ஐப்பசி முடியத் தொடங்கும் மழை தை வரை விடாது. அப்போது வயல் எல்லாம் நீர், மண் காயாது, பிசின் கரைந்து போய்விடும். கச்சான் காற்று வீசும் மாதங்கள், அதாவது வைகாசியிலிருந்து ஆவணி வரை, மண் எடுக்கவும் காய வைக்கவும் நல்ல காலம். ஒரு தொந்தரவு, அந்தக் காற்று காயவைத்த பொடியை அயல் வீட்டுக் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் கொண்டுபோய்ப் போடும். பொடி வேலையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

உரப்பையோடும் மண்வெட்டியோடும் ஒருபோதும் போக வேண்டாம். ஆற்று மணல் அகழ்வு இங்கே பெரிய பிரச்சினை. வாகரைப் பக்கம் கடற்கரைக் கறுமணலில் உள்ள இல்மனைட் என்ற கனிமத்தின் அகழ்வுக்கு எதிராகச் சனம் திரண்டதும் எல்லோருக்கும் தெரியும். தெரியாத முகம் ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்? யோகட் கப் சிலவும் ஒரு தேக்கரண்டியும் கொண்டுபோங்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கப் மண் தாராளம்.

காணிக்காரரிடம் கேளுங்கள். குளக்கட்டு, அரச காணி என்றால் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை. வன இலாகா எல்லைக்கல் தெரிந்தால் அதற்கப்பால் கை வைக்க வேண்டாம். கேட்கும்போது "ஐயா, படம் கீற நிறம் எடுக்கிறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். "என்னத்துக்கு மகன் இந்த மண்? சந்தைக்குள்ள பெயின்ற் இல்லையா?" என்று சிரிப்பார்கள். அதோடு, "செவந்த மண் வேணுமெண்டா அந்தக் கிணறு வெட்டின இடத்தைப் பாருங்க" என்று வழியும் காட்டுவார்கள். கிணறு வெட்டியவருக்கும் செங்கல் அறுத்தவருக்கும் தெரிந்த மண் எந்த வரைபடத்திலும் இருக்காது. புதிதாகக் கிணறோ மலசலகூடக் குழியோ வெட்டும் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரே குழியில் மூன்று நான்கு நிறம் அடுக்காகத் தெரியும்.

ஒவ்வொரு கப்பிலும் எழுத வேண்டியவை: இடம், திகதி, எவ்வளவு ஆழம், அனுமதி தந்தவர், அவர் அந்த இடத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வரி. இந்த ஒரு வரியைத் தவறவிடாதீர்கள். பிற்பாடு படத்தைவிட உங்களுக்கு அது பெறுமதியாக இருக்கலாம்.

எங்கே அள்ளக்கூடாது

புற்றுமண் அருமையான பொருள். கறையான் சலித்துத் தந்த மண் என்பதால் மிக நுண்மையாக இருக்கும். ஆனால் மஞ்சள் பூசிய, பால் வைத்த, சீலை கட்டிய புற்றில் கை வைக்காதீர்கள். நாகதம்பிரானுக்கு உரியது அது. வயல்வெளியில் யாரும் கும்பிடாத, கறையான் விட்டுப்போன புற்று எத்தனையோ கிடக்கிறது. கைவிட்ட புற்றில் பாம்பு குடியிருக்கலாம். முதலில் ஒரு தடியால் தட்டிப் பாருங்கள்.

தொல்லியல் திணைக்களப் பலகை நிற்கும் இடங்களில் மண் எடுப்பது சட்டப்படி குற்றம். ஓட்டுத் துண்டு கண்ணில் பட்டாலும் அங்கேயே கிடக்கட்டும்.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் பாரமானது. 1990ஐ இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் படுகொலை நடந்த சத்துருக்கொண்டானும் மறக்கவில்லை, காத்தான்குடியும் மறக்கவில்லை. கொலை நடந்த இடத்து மண்ணை எடுத்துப் படத்தில் பூசினால் படத்துக்கு ஒரு கனம் வரும் என்ற எண்ணம் இளம் கலைஞர்களுக்கு வருவதை நான் கண்டிருக்கிறேன். அது அந்தக் குடும்பங்களின் மண். அவர்கள் உங்களை அழைத்து, இதைச் செய்யுங்கள் என்று சொன்னால் செய்யுங்கள். அவர்கள் அழைக்காமல் நீங்களாகப் போய் ஒரு பிடிகூட எடுக்க வேண்டாம். மயானங்களுக்கும், நாவலடி, கல்லடி போன்ற கரைகளில் சுனாமியில் போனவர்களுக்காக வைத்த நினைவிடங்களுக்கும் இதே கதைதான்.

கழுவி எடுத்தல்

இந்த வேலையில் எல்லாம் அடங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மண்ணை வெயிலில் காயவைத்து, வேர், கல், கிளிஞ்சல் பொறுக்கி, உலக்கையால் மெதுவாக இடியுங்கள். ஒரு வாளியில் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கையால் நன்றாகக் கலக்குங்கள். கலக்கியதும் முப்பது வரை எண்ணுங்கள். மணல் அடியில் போய்விடும். மேலே நிற்கும் கலங்கல் நீரை மெல்லிய நைலோன் துணி கட்டிய இன்னொரு வாளியில் ஊற்றுங்கள். அடியில் தங்கிய மணலை வீசுங்கள். இரண்டாவது வாளியை ஒரு இரவு அசையாமல் விடுங்கள். காலையில் மேலே தெளிந்த நீரைச் சரித்து ஊற்றினால் அடியில் வழுவழுப்பான சேறு இருக்கும். அதைப் பீங்கான் தட்டில் பரப்பிக் காயவிடுங்கள். காய்ந்து வெடித்ததும் அம்மியில் அரைத்துச் சலித்தால் நிறம் தயார். அரைக்கும்போது வாய், மூக்கை மறைத்துக்கொள்ளுங்கள். நுண்ணிய மண் தூசு நுரையீரலுக்குக் கூடாது. அம்மாவின் அம்மியை இதற்கு எடுக்காதீர்கள், பழைய அம்மி ஒன்று தேடுங்கள்.

வாவிச் சேற்றுக்கு மட்டும் இது போதாது. அதில் உப்பு. ஒருமுறை கழுவி விட்டால் படம் காய்ந்த சில நாளில் மேலே வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வரும். தெளிந்த நீரை ஊற்றிவிட்டு நல்ல கிணற்று நீர் விட்டு மறுபடியும் கலக்கி மறுபடியும் தெளியவிடுங்கள். தெளிந்த நீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் உப்பு தெரியாத வரை இதைத் திருப்பித் திருப்பிச் செய்ய வேண்டும். சுவைத்துப் பார்க்க மனம் வராவிட்டால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் காயவிடுங்கள். வெள்ளை வட்டம் விழுந்தால் இன்னும் உப்பு இருக்கிறது.

இன்னொரு விளையாட்டும் அந்தச் சேறு காட்டும். கண்டல் வேர்களுக்குள்ளிருந்து எடுக்கும்போது மை போலக் கறுப்பாக இருக்கும், கூழ்முட்டை நாற்றமும் அடிக்கும். ஆகா, கறுப்பு கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். காற்றுப் பட்டுக் காயக் காய அந்தக் கறுப்பு போய், சாம்பலும் தவிட்டு நிறமும் கலந்த ஒன்றாக மாறிவிடும். சேற்றில் காற்றில்லாமல் உருவான இரும்புச் சல்பைட்டுத்தான் அந்தக் கறுப்பு. காற்று பட்டதும் அது உருமாறிவிடுகிறது. கிடைக்கிற சாம்பல் நிறம் வேறெதிலும் கிடைக்காத ஒன்று. காலை ஆறு மணிக்குப் புளியந்தீவுக் கரையில் நின்று பாருங்கள், வாவிக்கு அந்த நிறம்தான்.

எந்த நிறம் எதிலிருந்து

மஞ்சளும் தவிடும் உங்கள் கோட்டின் நடுப்பகுதியில் கிடைக்கும். உள்நாட்டுக்குப் போகப் போகச் சிவப்பு ஏறும். கிரவல் கிடங்குகளின் ஓரத்தில் நல்ல செம்மண் பார்க்கலாம். மஞ்சள் மண்ணைப் பழைய இரும்புத் தாச்சியில் போட்டு வெளி அடுப்பில் நன்றாக வறுத்தால் கண்முன்னே செங்கல் நிறத்துக்குத் திரும்பும். மண்ணுக்குள் இருக்கும் இரும்புக் கூட்டு சூட்டில் நீரை இழப்பதால் வரும் மாற்றம் இது. ஒரே மண்ணில் இடையிடையே ஒரு கரண்டி எடுத்து வைத்தால் மஞ்சளிலிருந்து சிவப்பு வரை ஒரு வரிசையே கிடைக்கும். கையில் இருக்கும் எல்லா மண்ணையும் பச்சையாக, கழுவி, வறுத்து என மூன்று விதமாகவும் ஒரு அட்டையில் பூசி வையுங்கள்.

கறுப்புக்குச் சிரட்டைக் கரியும் உமிக்கரியும். சிரட்டைக் கரி கடுங்கறுப்பு. உமிக்கரி கொஞ்சம் சாம்பல் கலந்தது. நல்லெண்ணெய் விளக்குக்கு மேல் தட்டைப் பிடித்து எடுக்கும் விளக்குக்கரி இரண்டையும்விட மென்மை, கோடு கீற அதுதான். கடற்கரையில் கோடு கோடாக மின்னும் கறுமணலைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மிகக் கடினமான கனிமம், உங்கள் அம்மி தேயுமே தவிர அது அரைபடாது.

வெள்ளைக்குச் சிப்பி. மட்டி, சிப்பி ஓடுகளைக் கழுவி, இடித்து, மிக நுண்மையாக அரைத்தால் போதும். சுட்ட சுண்ணாம்பும் பாவிக்கலாம். ஆனால் அது கண்ணையும் தோலையும் பொசுக்கும். புதியவர்கள் அரைத்த சிப்பியோடு நிற்பது நல்லது.

பச்சைக்கு இலை தேடாதீர்கள். எந்த இலைச்சாறும் சில வாரத்தில் வெளிறிப் பழுப்பாகிவிடும். மஞ்சள் மண்ணில் விளக்குக்கரி கொஞ்சம் சேருங்கள், பாசி படிந்த ஒரு பச்சை வரும். கண்டல் காட்டுக்கு அளவெடுத்துச் செய்த நிறம் அது. சமையல் மஞ்சளும் அப்படித்தான், வெயிலில் ஓடிவிடும். அதோடு சுண்ணாம்பு பட்டால் சிவந்தும் போகும். ஆராத்திக்கு அது நல்லது, படத்துக்குக் கூடாது.

கூத்துப் பழக்கும் பழைய அண்ணாவிமார் ஒப்பனை பற்றிப் பேசும்போது அரிதாரம் என்ற மஞ்சள் நிறத்தைச் சொல்வார்கள். பழைய ஓவிய முறைகளில் சாதிலிங்கம் என்ற சிவப்பு வரும். முந்தியதில் ஆசனிக்கு, பிந்தியதில் பாதரசம். இரண்டும் நஞ்சு. பெயரைக் கேட்டு மரியாதையோடு குறித்துக்கொள்ளுங்கள், பொருளை வாங்க வேண்டாம்.

நீலம்? இந்த மண்ணில் நீலம் இல்லை. அவுரி வளர்த்து நீலம் எடுக்கலாம், அது தனிக் கலை, தனி வருடம். முதல் படத்தை நீலம் இல்லாமலே செய்யுங்கள். வாவி எத்தனை நாள் உண்மையில் நீலமாக இருக்கிறது? மழைக்குப் பின் தேநீர் நிறம், வெயிலில் ஈயம், சாயங்காலம் படுவான்கரைப் பக்கம் செம்பு. இவை எல்லாம் உங்கள் கப்புகளில் ஏற்கெனவே இருக்கின்றன.

பிசின்

விளாத்தி மரத்தின் பட்டை வெடித்த இடங்களில் கோடையில் பிசின் கட்டிகட்டியாக நிற்கும். வெளிறிய, கண்ணாடி போலத் தெளிந்த கட்டிகளாகப் பார்த்து எடுங்கள். ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு தண்ணீர், ஒரு இரவு ஊற வேண்டும். காலையில் துணியில் வடித்து, சில துளி தேன் சேருங்கள். தேன் சேர்ந்தால் நிறம் காய்ந்தபின் வெடிக்காது. இரண்டு மூன்று கராம்பைத் தட்டிப் போட்டு வைத்தால் சில நாள் பூஞ்சணம் பிடிக்காது. அதிகம் செய்து வைக்காதீர்கள், தேவைக்கு மட்டும். விளாம்பிசின் கிடைக்காவிட்டால் மரமுந்திரிப் பிசினும் இந்த வேலையைச் செய்யும்.

குழைப்பது கண்ணாடித் தட்டில். பொடியை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பசையாக்கி, பிறகு பிசின் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தட்டையான கல்லால் வட்டம் வட்டமாக அரையுங்கள். சரசரப்புச் சத்தம் நின்றுபோகும் வரை. ஒரு துண்டுச் சீலையில் பூசிக் காயவிட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். நிறம் விரலில் ஒட்டினால் பிசின் குறைவு. பளபளத்து வெடித்தால் பிசின் அதிகம். ஒவ்வொரு மண்ணும் வேறு அளவு கேட்கும். களி மண் அதிகம் குடிக்கும். அளவைக் கப்பிலேயே எழுதி வையுங்கள்.

சீலை

மருதமுனைக்குப் போங்கள், அல்லது காத்தான்குடிக்கு. வெளுக்காத, சாயம் போடாத பருத்திச் சீலை, நெருக்கமான நெசவாக இரண்டு யார் கேளுங்கள். கடையில் வாங்காமல் தறிக்காரரிடமே வாங்க முடிந்தால் நல்லது. தறியைப் பார்க்கலாம், பாவு எப்படி ஓடுகிறது, ஊடை எப்படிக் குறுக்கே போகிறது என்று பார்க்கலாம். ஏன் இப்போது சில தறிகள்தான் ஓடுகின்றன என்று கேட்டால் நூல் விலையில் தொடங்கி சுனாமி வரை ஒரு மணித்தியாலம் பேசுவார்கள். நீங்கள் தமிழர் என்றால், அவர்கள் வீட்டிலும் தாய்வழிக் குடி, அதாவது தாயின் வழி வரும் குலம், இருக்கிறது என்று அங்கே முதன்முதலாகத் தெரிய வந்து ஆச்சரியப்படவும் கூடும். இந்தக் கரையின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாயின் வழிதான் வருகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதும் இரு பக்கமும் உண்டு. அடையாளம் என்ற பெரிய சொல்லை வைத்துக்கொண்டு திணறுகிறவர்களுக்கு நான் சொல்வது, அம்மாவிடம் போய் நம் குடி என்ன, இந்த வளவு யார் யார் கை மாறி வந்தது என்று கேளுங்கள். ஒரு படத்துக்கு அது போதும்.

சீலையைச் சலவைச் சோடா போட்டு அவித்துக் கழுவினால் நூலில் இருக்கும் கஞ்சி போய்விடும். சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவிடுங்கள். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஒரு இரவு ஊறவைத்து, அரைத்துக் கூழாகக் காய்ச்சுங்கள். வேப்பிலை அவித்த நீரில் காய்ச்சினால் பூச்சி கொஞ்சம் தூர நிற்கும். இந்தக் கூழில் சிப்பிப் பொடி கலந்து முன்னும் பின்னும் மெல்லியதாக இரண்டு தடவை. ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் வழுவழுப்பான கூழாங்கல்லால் அல்லது சோழியால் முழுச் சீலையையும் தேயுங்கள். கை நோகும். இதை அவசரப்பட்டு விட்டால் பிறகு கோடு ஒழுங்காக ஓடாது.

தூரிகை கடையில் வாங்கியதே போதும். அகலமான பூச்சுக்குத் தாழை விழுதின் நுனியைக் கல்லால் தட்டிப் பிரித்து ஒன்று செய்து பாருங்கள், செலவில்லை.

இப்போது, என்ன கீறுவது

சீலையை நீளவாக்கில் விரித்து, உங்கள் கோட்டை அதில் வையுங்கள். ஒரு முனை கடல், மறு முனை குளம். ஒவ்வொரு இடத்தையும் அந்த இடத்து மண்ணாலேயே கீறுங்கள். கல்லடிக்கு உன்னிச்சை மண்ணைப் பாவிக்கக் கூடாது. கடற்கரை மணலில் நிறம் எடுக்க முடியாதே என்பீர்கள். சரி, அங்கே சிப்பி வெள்ளை. வாவியை நான் என்றால் தீட்டாமல் விடுவேன். இரண்டு கரையையும் தீட்டி முடித்தால் நடுவில் பூசாத சீலை தானாகவே நீராகிவிடும்.

மரபிலிருந்து வடிவம் எடுக்க நிறைய இருக்கிறது. பன்பாயின் கட்டங்களைப் பாருங்கள், பாய் இழைக்கும் பெண்கள் எண்ணிக்கையிலேயே வடிவத்தை வைத்திருக்கிறார்கள். தாள் இல்லை, அளவுகோல் இல்லை. வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பும் கிரீடமும் எப்படி ஒரு மனிதனை இரண்டு மடங்கு அகலமாக்குகின்றன என்று வட்டக்களரியின் ஓரத்தில் இருந்து கீறிப் பாருங்கள். ஒளிப்படம் எடுத்து வீட்டில் கீறினால் அந்த அகலம் வராது. ஆடுகிறவரைச் சுற்றி நாலு பக்கமும் சனம் இருக்கிறது என்பதுதான் அந்த உடுப்பின் வடிவத்துக்கே காரணம். அரங்கேற்றம் வரை காத்திராமல், அண்ணாவியாரிடம் கேட்டுப் பழகும் நாட்களிலேயே போய் இருங்கள்.

மாடுகளுக்குச் சுடும் குறிகள் இன்னொரு செல்வம். ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் என்று தனித்தனிக் குறிகள் இங்கே இருந்திருக்கின்றன. கோட்டுருவமாகப் பார்த்தால் அவ்வளவு அழகு. ஆனால் அவை சாதியையும் குடியையும் சொல்பவை. அலங்காரம் என்று நினைத்து நீங்கள் ஓரத்தில் போடும் ஒரு குறி, பார்க்கிறவருக்குப் பழைய மேல் கீழை நினைவூட்டலாம். போடியார் என்ற பெரிய நிலக்காரரின் வயலில் யார் இறங்கி நின்றார்கள், யார் வரம்பில் நின்றார்கள் என்பதும் இந்த ஊரின் சரித்திரம்தான். குறியைப் போடுவதென்றால் அதற்குரியவர்களிடம் கேட்டு, தெரிந்துகொண்டு போடுங்கள். கண்ணகி அம்மன் குளுத்தி, கொம்புமுறி போன்றவற்றைக் கீறுவதானாலும் கோயில்காரரிடம் முதலில் பேசுங்கள். எல்லாச் சடங்கும் கண்காட்சிக்கு உரியதல்ல.

தடிப்பாகப் பூச வேண்டாம். மெல்லிய பூச்சு பல தடவை. தடித்த மண் சீலை மடங்கும்போது உதிரும்.

முடிந்த பிறகு

மடிக்காதீர்கள். தீட்டிய பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு குழாயில் சுருட்டுங்கள். உள்ளே வைத்துச் சுருட்டினால் நிறம் நசுங்கி வெடிக்கும். இடையில் பருத்தித் துணி ஒன்று. மாரிக்கு முன்னும் மாரிக்குப் பின்னும் எடுத்து நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள்.

முதல் கண்காட்சியை மண் எடுத்த ஊரிலேயே வையுங்கள். வாசிகசாலையோ பாடசாலை மண்டபமோ கிடைக்கும். கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே காண்பியக் கலை படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டால் நல்ல வாக்குவாதம் நடக்கும். ஆனால் அவர்கள் இரண்டாவதாக வரட்டும். படத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் மண் கப்புகளையும் அவற்றில் எழுதிய வரிகளையும் வையுங்கள். ஊர்க்காரர் படத்தை ஒரு நிமிடம் பார்ப்பார்கள், கப்புகளை அரை மணித்தியாலம் பார்ப்பார்கள். "இது எங்கட வட்டை மண் இல்ல, இது மற்றப் பக்கம்" என்று திருத்துவார்கள். வட்டை என்றால் இங்கே வயல்வெளி. திருத்தத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். சீலை நெய்தவர், பாய் வடிவம் காட்டியவர், மண் தந்தவர் எல்லோருடைய பெயரையும், அவர்கள் சம்மதித்தால், படத்தோடு போடுங்கள். படம் விற்றால் வடிவம் தந்தவருக்கு ஒரு பங்கு கொடுப்பது பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பிறகு பேசினால் மனக்கசப்புத்தான்.

மிஞ்சிய நிறத்தைப் பிசினோடு சிறிய சிப்பிகளில் ஊற்றிக் காயவிட்டால் கட்டியாகிவிடும், தண்ணீர் தொட்டால் மறுபடியும் பாவிக்கலாம். மிஞ்சிய மண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் சொந்தக்காரர் இதைக் கேள்விப்பட்டதும் "ஊர் மண்ணில கொஞ்சம் அனுப்பு" என்று கட்டாயம் கேட்பார்கள். அவுஸ்திரேலியா போன்ற நாடுகள் மண்ணை உள்ளே விடுவதில் மிகக் கடுமை. பொட்டலமாக அனுப்பினால் அது குப்பைக்குத்தான் போகும். அந்த மண்ணால் தீட்டிய சின்னச் சீலைத் துண்டு ஒன்றைக் கொடுங்கள், பின்பக்கம் ஊர்ப் பெயரையும் திகதியையும் எழுதி. கொண்டுபோகிறவர் விமான நிலையத்தில் அதையும் காட்டிச் சொல்லிவிடட்டும், மறைத்து வைக்க வேண்டாம்.